கப்பல் வைத்திருந்த அரசு

அன்புள்ள ஆசிரியருக்கு,

இரண்டாம் உலகப் போரின்போது நார்வே, நெதர்லாந்து, போலந்து என்று வரிசையாக நாடுகடந்த அரசுகள் லண்டனில் இருந்தன. நாடே கைவிட்டுப் போன பிறகு அமைச்சரவை எதற்கு? அறிக்கை விட்டதைத் தவிர நேச நாடுகளுக்கு இவர்களால் என்ன பயன்? உள்ளே இருந்தவர்களாவது ஆலையையும் ரயிலையும் தகர்த்தார்கள்.

கதிர்

அன்புள்ள கதிர்,

நாடு போனது சரி. எதெல்லாம் போகவில்லை என்றும் பார்க்க வேண்டும். நார்வேயை வைத்துச் சொல்கிறேன், அங்கே கணக்கு தெளிவாக இருக்கிறது.

1940 ஏப்ரல் 9 அன்று ஜெர்மனி உள்ளே நுழைந்தபோது நார்வேயின் வணிகக் கப்பல்களில் பெரும்பகுதி வெளிக்கடலில் இருந்தது. சுமார் ஆயிரம் கப்பல்கள். அவற்றில் புது எண்ணெய்க் கப்பல்கள் கணிசம். ஆஸ்லோ வானொலி அவற்றைத் திரும்ப அழைத்தது; கேப்டன்கள் கேட்கவில்லை. ஆனால் கேட்காமல் இருந்தால் மட்டும் கப்பல் ஓடாது. அது தனியார் சொத்து. முதலாளியோ ஜெர்மானியர் பிடியில். அவர் பெயரில் வரும் தந்தியை அவர்தான் அனுப்பினாரா, துப்பாக்கி முனையில் எழுதியதா? போர்க்காலக் காப்பீட்டுக்கு யார் பொறுப்பு? மாலுமிக்கு யார் சம்பளம் தருவது? ஏப்ரல் 22 அன்று, நாட்டுக்குள்ளேயே இடம் மாறி ஓடிக்கொண்டிருந்த அரசு ஓர் அவசர ஆணை போட்டுக் கப்பல்களைத் தன் பொறுப்பில் எடுத்தது. அவற்றை நடத்த லண்டனில் அமைந்த நிறுவனம் நோர்ட்ராஷிப். அந்த ஆணை வெளிநாட்டுத் துறைமுகத்திலும் நீதிமன்றத்திலும் செல்ல வேண்டுமானால், அதில் கையெழுத்திட அங்கீகாரம் பெற்ற ஓர் அரசு வேண்டும். அமைச்சரவை எதற்கு என்று கேட்டீர்களே, முதலில் இதற்குத்தான்.

பிரிட்டன் அந்தக் கப்பல்களை வாடகைக்கு எடுத்தது. அந்த வருமானத்தில் நார்வே அரசு தன் செலவைத் தானே பார்த்துக்கொண்டது. டொராண்டோவில் சொந்த விமானப் பயிற்சி முகாமும் நடத்தியது. கடனாளியாக இல்லாததால் பேச்சுவார்த்தையில் அதன் குரலுக்குக் கொஞ்சம் எடை இருந்தது. விலை கொடுத்தவர்கள் மாலுமிகள். ஏறத்தாழ பாதிக் கப்பல்கள் போயின, 3,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பிரிட்டிஷ் மாலுமிகளைவிட இவர்களுக்குச் சம்பளம் கூடுதல் என்று பிரிட்டன் முணுமுணுக்க, அந்த வித்தியாசத்தை ஒரு ரகசிய நிதியில் போட்டு வைத்தார்கள். போருக்குப் பிறகு அது மாலுமிகள் கைக்கு வரவில்லை. வழக்கு, தோல்வி என்று இழுத்து, 1972இல்தான் நாடாளுமன்றம் கருணைத் தொகை என்று ஏதோ கொடுத்தது. எனக்கு இது அந்த அரசின் வெட்கக்கேடான பக்கம்.

அடுத்து, உள்ளே இருந்தவர், வெளியே இருந்தவர் என்று நீங்கள் கிழிக்கும் கோடு. நார்வேயின் வெமோர்க் கனநீர் ஆலையைப் பாருங்கள். கனநீர் என்பது ஜெர்மனியின் அணு ஆராய்ச்சிக்குத் தேவைப்பட்ட ஒரு வகை நீர். அந்தக் கூடத்தை வடிவமைத்தவர்களில் ஒருவரான பேராசிரியர் லைஃப் ட்ரான்ஸ்டாட் 1941இல் லண்டன் வந்து நார்வே ராணுவத் தலைமையில் சேர்ந்தார். அடுத்த ஆண்டு இறுதியில் ஆலையின் பொறியாளர் யோமர் ப்ருன் வந்தார். மின்கம்பிகள் போகும் குழாய்ப் பாதையில் ஆள் தவழ்ந்து நுழையலாம் என்பது அவர் தந்த தகவல். கனநீர் பிரியும் மின்னாற்பகுப்புக் கலன்களுக்கு மாதிரி செய்து, தகர்க்கப் போகவிருந்தவர்கள் அதில் வெடி கட்டிப் பழகினார்கள்.

1942 நவம்பரில் ஆலையைத் தகர்க்க பிரிட்டிஷ் வீரர்களை ஏற்றிப் போன இரண்டு கிளைடர்களும் (இன்ஜின் இல்லாத விமானங்கள்) விழுந்து நொறுங்கின. பிழைத்தவர்களை ஜெர்மானியர் கொன்றார்கள். 1943 பிப்ரவரி 27 இரவு போன குழுவினர் எல்லோரும் நார்வேக்காரர்கள். தொங்குபாலத்தில் காவல் இருந்ததால் பள்ளத்தாக்கில் இறங்கி, உறைந்த ஆற்றைக் கடந்து, எதிர்ச்சரிவில் ஏறி ரயில் பாதை வழியாக ஆலைக்குப் போனார்கள். 18 கலன்களிலும் வெடி. இரண்டு நிமிடத் திரியை முப்பது வினாடியாக நறுக்கினார்கள். நேரம் நீண்டால் காவலர் வந்து பிடுங்கிவிடலாம். சுமார் 500 கிலோ கனநீர் சாக்கடையில் போனது, ஒரு குண்டும் சுடப்படவில்லை. பழி உள்ளூர்க்காரர்கள்மேல் விழாதிருக்க, பிரிட்டிஷ் படை பயன்படுத்தும் துப்பாக்கி ஒன்றை அங்கேயே போட்டுவிட்டு வந்தார்கள்.

சில மாதங்களில் ஆலை மறுபடி ஓடியது. நவம்பரில் அமெரிக்க விமானங்கள் குண்டு போட்டன. நார்வே அரசுக்கு முன்கூட்டித் தெரிவிக்கவில்லை. இருபதுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் இறந்தார்கள், அரசு கண்டனம் தெரிவித்தது. இறந்தவர்களுக்காக வாஷிங்டனிடமும் லண்டனிடமும் கேள்வி கேட்க அந்த அரசை விட்டால் வேறு யார்?

இந்த இணைப்பு அறுந்தால் என்ன ஆகும் என்பதற்கு நெதர்லாந்து. 1942 மார்ச்சில் ஹேக் நகரில், லண்டனுக்கு ரகசியமாக வானொலிச் செய்தி அனுப்பிவந்த உளவாளி ஹூப் லௌவர்ஸ் பிடிபட்டார். சுமார் 15 கிலோ எடையுள்ள பெட்டிக் கருவியோடு ஒரே வீட்டிலிருந்து அனுப்பினால், அலை வரும் திசையைக் கண்டுபிடிக்கும் ஜெர்மானிய வண்டிகள் சீக்கிரம் வாசலுக்கு வந்துவிடும். ஜெர்மானியர் கட்டாயத்தில் செய்தி அனுப்பியபோது, தான் சுதந்திரமாக இருப்பதைக் காட்ட வேண்டுமென்றே செய்ய வேண்டிய பிழையை அவர் செய்யவில்லை. எச்சரிக்கை அதுதான். லண்டனில் இருந்தவர்கள் அதைக் கவனக்குறைவு என்று விட்டுவிட்டார்கள். இரண்டு ஆண்டுகளில் லண்டன் அனுப்பிய உளவாளிகள் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் பாராசூட்டில் நேராகச் சிறைக்கு இறங்கினார்கள், பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள். எதிர்ப்பியக்கத்தின் வீரத்தில் குறை ஒன்றும் இல்லை, கேட்கும் முனைதான் செவிடாக இருந்தது.

போலந்து வேறு கதை. ஜெர்மனியின் எனிக்மா மறைகுறி இயந்திரத்தின் ரகசியத்தை 1939 ஜூலையிலேயே பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் கொடுத்தவர்கள், இத்தாலியின் மான்டே கசீனோ போரில் 1944இல் ரத்தம் சிந்தியவர்கள். கொடுத்ததில் நார்வேக்குக் குறைந்தவர்கள் இல்லை. ஆனால் அவர்கள் நாட்டுக்குள் வந்தது ஸ்டாலின் படை. 1945 ஜூலை 5 அன்று பிரிட்டனும் அமெரிக்காவும் வார்சாவில் அமைந்த புது அரசை அங்கீகரித்தன. லண்டன் போலந்து அரசின் கையெழுத்து அன்றோடு அவர்களிடம் செல்லாமல் போனது.