எஞ்சின் பூட்டும்போது கிராங்க் ஷாஃப்ட் சுற்றாமல் பிடித்துக்கொள்வது ஏன்?

பிஸ்டன்களின் மேல்கீழ் அசைவைச் சுழற்சியாக மாற்றும் தண்டே கிராங்க் ஷாஃப்ட். பிஸ்டன்களை மாட்டுவதற்கு முன், மெயின் பேரிங் கேப்களை (தண்டைத் தாங்கும் பேரிங்குகளை எஞ்சினின் உடலான பிளாக்கோடு சேர்த்துப் பிடிக்கும் மூடிகளை) முறுக்கிய நிலையிலும் அது கையால் தாராளமாகச் சுற்ற வேண்டும்.

தண்டுக்கும் பேரிங்குக்கும் இடையே எண்ணெய்ப் படலம் நிற்பதற்காக விடப்படும் இடைவெளி, பல கார் எஞ்சின்களில் ஏறத்தாழ 0.03 முதல் 0.06 மில்லிமீட்டர் வரைதான் என்பதால், பேரிங் ஓட்டின் (தண்டைச் சுற்றி அமரும் அரைவட்டத் தகட்டின்) முதுகில் ஒட்டிய ஒரு துகளே அதை அடைத்துவிடப் போதுமானது. ஆயினும் முதலில் சந்தேகிக்க வேண்டியது கேப்களையே. அவை பிளாக்கோடு பூட்டப்பட்ட நிலையில் ஒரே நேர்கோட்டில் துளையிடப்படுவதால், ஒன்றை இடம் மாற்றியோ முன்பின் திருப்பியோ மாட்டினால் துளையின் வட்டம் கெட்டுவிடும். மூன்று கீல்களில் ஒன்று மட்டும் விலகியிருந்தாலும் கதவு முழுவதும் இறுகுவதைப் போன்றது இது.

எல்லாக் கேப்களையும் தளர்த்திவிட்டு, ஒவ்வொன்றாக உரிய அளவுக்கு முறுக்கி, ஒவ்வொரு முறையும் தண்டைச் சுற்றிப் பாருங்கள். எந்தக் கேப்பில் இறுகுகிறதோ அங்கிருந்து தேடலைத் தொடங்கலாம். அங்கே குறை தென்படாவிட்டால், பேரிங்கின் அண்டர்சைஸ் அளவு (தேய்த்துச் சிறிதாக்கிய தண்டுக்கு ஏற்ற அளவு), தண்டின் வளைவு, முன்பின் நகர்வைக் கட்டுப்படுத்தும் திரஸ்ட் வாஷர் ஆகியவற்றை அளந்து பார்க்க வேண்டும்.

“ஓட ஓடத் தானாகவே இளகிவிடும்” என்று பலர் நம்புவது தவறு. எண்ணெய்ப் படலத்துக்கு இடமில்லாமல் ஓடும் பேரிங் இளகாது, சூடேறித் தண்டோடு ஒட்டிக்கொள்ளும்.