தண்டப்பணம் கட்டியவரிடம் நட்டஈடு கேட்கலாமா?

கேள்வி: கல்முனையில் வீதியோரம் நிறுத்தியிருந்த எனது முச்சக்கர வண்டியை உழவு இயந்திரம் ஒன்று மோதிச் சேதப்படுத்தியது. சாரதி நீதவான் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டப்பணம் செலுத்தினார். அத்துடன் விடயம் முடிந்தது என்கிறார் இயந்திர உரிமையாளர். ‘டெலிக்ட்’ வழக்குப் போடலாம் என்கிறார் நண்பர். அது என்ன? (வாசகர், களுவாஞ்சிகுடி)

பதில்: விடயம் முடியவில்லை. தண்டப்பணம் அரசுக்குச் செல்வது. உங்கள் இழப்பை அது ஈடுசெய்யாது. ஒப்பந்தம் எதுவும் இல்லாத இருவருள் ஒருவர் தமது தவறான செயலால் மற்றவருக்கு ஏற்படுத்தும் தீங்கிற்கு நட்டஈடு கோரும் உரிமையையே நமது சட்டத்தரணிகள் டெலிக்ட் என்றும், சட்டநூல்கள் தீங்கியல் என்றும் குறிப்பிடுகின்றன. இலங்கையில் இதன் அடிப்படை உரோமன்-டச்சுச் சட்டமாகும். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையோ முஸ்லிம் தனியார் சட்டமோ இதில் குறுக்கிடுவதில்லை என்பதால், கல்முனையில் யார் யார்மீது வழக்கிட்டாலும் விதி ஒன்றே.

உங்களுடையதைப் போன்ற பொருட்சேத வழக்கில் எதிராளியின் கவனயீனத்தையும், அதனாலேயே சேதம் விளைந்தது என்பதையும், பணத்தில் கணிக்கத்தக்க இழப்பையும் நீங்கள் நிரூபிக்க வேண்டும். அவமதிப்பு, அவதூறு போன்றவை வேறு வகை. அங்கே கவனயீனம் போதாது, வேண்டுமென்றே செய்யும் எண்ணம் தேவை. சாரதி தமது முதலாளியின் வேலையில் இருந்தபோது விபத்து நடந்திருந்தால் முதலாளியும் பொறுப்பாளியாவார். சாரதியிடம் பணம் பெறுவது பெரும்பாலும் கடினம் என்பதால், உரிமையாளரையும் பிரதிவாதியாகச் சேர்ப்பதே என் ஆலோசனை. ஆனால் நீங்கள் இரவில் விளக்கின்றி வளைவில் வண்டியை நிறுத்தியிருந்தால், 1968 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டத்தின்படி உங்கள் தவறின் அளவுக்கு நட்டஈடு குறையும்.

காலத்தில்தான் பலர் தவறுகிறார்கள். 1871 ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச்சட்டப்படி வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்கிட வேண்டும். “பார்த்துத் தருகிறேன்” என்ற வாய்ப்பேச்சு அந்தக் காலத்தை நிறுத்தாது. சிறு தொகையானால் முதலில் மத்தியஸ்த சபைக்குச் சென்று, இணக்கம் ஏற்படாவிடில் அதற்கான சான்றிதழைப் பெற்ற பின்னரே மாவட்ட நீதிமன்றத்தை நாடலாம் என்பதால், அதற்கும் நாட்களை ஒதுக்குங்கள்.

சட்டத்தரணியிடம் செல்லும்போது பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, நீதவான் நீதிமன்ற வழக்கு இலக்கம், புகைப்படங்கள், திருத்தகப் பற்றுச்சீட்டுகள் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். வண்டி ஓடாத நாட்களின் வருமான இழப்பையும் கோரலாம். பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி மாதக்கூலி பெற்றிருந்தால், அந்தப் பெற்றோர் சாட்சி சொல்ல வருவார்களா என்று இப்போதே கேட்டுவையுங்கள்.