காது மெஷின் போட்டுக்கிட்டு வேலையில ஃபோன் பேசுறது: கேள்வி பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள்ல காது மெஷின் போட்டு வேலைக்குப் போறவங்க கேட்டதும், ஆடியாலஜிஸ்ட் (செவித்திறன் நிபுணர்) அக்கா சொன்னதும்.

ஓசூர், கம்பெனி பர்ச்சேஸ் பிரிவு: அக்கா, புது மெஷின் ப்ளூடூத்ல சேருது. எதிர்ல பேசுறது காதுக்குள்ள தெளிவா வருது. ஆனா அவங்க "ஹலோ, கேக்கல"ன்னு கத்துறாங்க. மெஷின் பழுதா?

பழுது இல்ல தம்பி. ஆண்ட்ராய்டு ஃபோன்ல நிறைய மெஷின்கள் 'ஆஷா'ங்கிற முறையில சேருது. அது ஒருவழிப் பாதை. ஃபோன்ல வர்ற குரல் மெஷினுக்குப் போகும், உங்க குரலை மெஷின் திருப்பி அனுப்பாது. அதை எடுக்கிறது ஃபோனோட கீழ் ஓரத்துல இருக்கிற மைக். மெஷின்தான் பாத்துக்குதேன்னு ஃபோனைச் சட்டைப் பையில போட்டுட்டுப் பேசினா, அந்த மைக் துணிக்குள்ள மூடிக்கிடக்கும். சார்ஜர் சொருகுற பக்கம் வாயைப் பார்க்கிற மாதிரி ஒரு சாண் தூரத்துல பிடிங்க. மேசையில வேலைன்னா ஒரு ஸ்டாண்ட் போதும். கவர் அந்த மைக் ஓட்டையை அடைக்குதான்னும் பாருங்க.

ரெண்டு கையும் வேலையில இருக்கிறவங்களுக்கு இருவழி மெஷின் வேணும். சாதா ப்ளூடூத் ஹெட்செட் மாதிரி சேர்ற மெஷின்கள்ல அது உண்டு. ஐபோன்னா 11-லயும் அதுக்கு மேலயும், சில மெஷின் மாடல்களோட மட்டும் நடக்கும். பெட்டியில எழுதியிருக்கிறதை நம்பிப் பணம் கட்டாதீங்க. கடையிலேயே உங்க சொந்த ஃபோன்ல ஒரு கால் போட்டு, ஃபோனை ரெண்டு மீட்டர் தள்ளி வெச்சுட்டுப் பேசிப் பாருங்க. எதிர்ல இருக்கிறவருக்குத் தெளிவாக் கேட்டா இருவழி, மங்கலாக் கேட்டாலோ கேக்கலைன்னாலோ ஒருவழி.

கிருஷ்ணகிரி, வங்கி கவுன்ட்டர்: மேடம், லேண்ட்லைன் ரிசீவரைக் காதுல வெச்சாலே 'கீ...'ன்னு விசில்.

காதுக்குப் பின்னாடி மாட்டுற மெஷின்னா அதோட மைக் காது மடலுக்கு மேல இருக்கு. ரிசீவரைக் காது ஓட்டைமேல வெச்சா குரல் மைக்குக்குப் போகாது. காதுல இருந்து கசியுற சத்தம் ரிசீவர்ல மோதித் திரும்பி மைக்ல நுழையுது, அதான் விசில். ரிசீவரைக் கொஞ்சம் மேலே ஏத்தி, ஒரு விரல் இடைவெளி விட்டு, சாய்ச்சுப் பிடிங்க. மெஷின்ல டெலிகாயில் (ரிசீவரோட காந்த அலையை நேரா எடுக்கிற கம்பிச்சுருள்) இருந்தா 'டி' புரோகிராமைப் போட்டுத் தரச் சொல்லுங்க. அதுல மைக் அடங்கிடும், கவுன்ட்டர் சத்தமும் விசிலும் இருக்காது. பழைய டியூப்லைட் சோக், இன்வெர்ட்டர் பக்கம் உட்கார்ந்தா 'ம்ம்'னு ஒரு இரைச்சல் வரும். நாற்காலியைத் தள்ளிப் போட்டாலே குறையும்.

காவேரிப்பட்டணம், மாம்பழக் கூழ் தொழிற்சாலை: காலையில நல்லாக் கேக்குது, சாயங்காலம் மந்தமாகுது அக்கா.

ஆவியும் வியர்வையும். ட்யூப்ல நீர்முத்து நிக்குதான்னு வெளிச்சத்துல பாருங்க. இருந்தா ட்யூபைக் கழட்டி, ஊதுற ரப்பர் பல்பால ஊதி எடுங்க, வாயால ஊதாதீங்க. ராத்திரி பேட்டரியை எடுத்துட்டு மெஷினைச் சிலிக்கா ஜெல் டப்பாவுல வைங்க. நீல மணி ரோஸ் ஆயிட்டா அது ஈரம் குடிச்சு முடிஞ்சது, மாத்தணும். அப்படியே, காது மெழுகு மெஷினுக்குள்ள போகாமத் தடுக்கிற மெழுகு ஃபில்டரையும் பாருங்க.

பாலக்கோடு: ஒரு பக்கம் மட்டும் சத்தம் கம்மியா இருக்கு.

மெழுகு ஃபில்டர்.

ஊத்தங்கரை: ஃபோன்ல மட்டும் இல்ல, நேர்ல பேசினாலும் மெதுவாதான் கேக்குது. வால்யூம் முழுசா வெச்சாச்சு.

மேல ரெண்டு பதில்லயும் இதைத்தான் சொல்லியிருக்கேன். வால்யூமைத் தொடுறதுக்கு முன்னாடி ஃபில்டரை மாத்துங்க. ஊக்கு, குண்டூசி விட்டுக் குத்தாதீங்க, உள்ளே ஸ்பீக்கர் கிழிஞ்சுடும். ஃபில்டர் மாத்தியும் சரியாகலைன்னா காதுக்குள்ளேயே மெழுகு அடைச்சிருக்கலாம், டாக்டர்கிட்ட காட்டுங்க.

ராயக்கோட்டை, தக்காளி மண்டி: பெட்டி நானூத்தி அறுபதா, எழுபதான்னு ஃபோன்ல பிடிபடல அக்கா. வாட்ஸ்அப் கால்ல பேசினா தெளிவா இருக்குமா?

பென்னாகரம்: (இடையில) வாட்ஸ்அப்தான் அண்ணா. சாதா கால் கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கும்.

தேன்கனிக்கோட்டை: (இடையில) மலைப்பக்கம் வந்து பாருங்க. வாட்ஸ்அப் பாதி வார்த்தையை முழுங்கிடும். சாதா கால்தான் நிக்குது.

ரெண்டு பேர் சொல்றதும் உண்மை. பழைய சாதா கால் 300-ல இருந்து 3,400 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் குரலைக் கடத்தும். 'ச', 'ஸ' மாதிரி எழுத்துகளோட சத்தம் பெரும்பாலும் அதுக்கு மேல இருக்கு, அது வெட்டுப்படுது. உயர் சுருதி கேக்காதவங்களுக்கு ஏற்கெனவே அங்கதான் குறை. 4ஜி நெட்வொர்க் வழியாவே போற 'வோல்டி' (VoLTE) கால் ஏறத்தாழ 7,000 ஹெர்ட்ஸ் வரைக்கும் கடத்தும், அதனால வாட்ஸ்அப் அளவுக்கே தெளிவு கிடைக்கும். சிம் செட்டிங்ஸ்ல வோல்டி ஆன்ல இருக்கான்னு பாருங்க. எதிர்ல இருக்கிறவரும் அதுல இருந்தாத்தான் பலன். டேட்டா அறுந்து அறுந்து வர்ற இடத்துல தேன்கனிக்கோட்டைக்காரர் சொல்றதுதான் சரி.

பென்னாகரம்: வால்யூமை ஏத்தினா 'ச' வந்துடாதா அக்கா?

வராது. லைன்லயே இல்லாத சத்தத்தை எந்த மெஷினும் பெருசாக்க முடியாது.

விலை விஷயத்துக்கு வர்றேன். இருபது, அறுபது, எழுபது எல்லாம் 'பது'ல முடியுது. முதல் அசை தப்பினா போச்சு. "நாலு, ஏழு, பூஜ்யம்"னு ஒவ்வொரு எண்ணாச் சொல்லச் சொல்லுங்க, நீங்களும் அப்படியே திருப்பிச் சொல்லுங்க. "என்ன?"ன்னு கேட்டா அதே வேகத்துல மறுபடியும் சொல்வாங்க. "நானூத்திக்கு அப்புறம் என்ன?"ன்னு கேட்டா விட்டுப்போன துண்டு மட்டும் வரும். பணம் போறதுக்கு முன்னாடி வாட்ஸ்அப்ல எழுதி வாங்கிடுங்க.

தருமபுரி, கணக்கர்: மீட்டிங் நடுவுல பேட்டரி செத்துப்போகுது. லேப்டாப்லயும் மெஷின் சேரல.

பல மெஷின்கள் லேப்டாப்ல நேரா சேராது. மீட்டிங்கை ஃபோன்ல திறந்து குரலை அங்க வாங்குங்க. லேப்டாப்ல திரை மட்டும், மைக்கும் ஸ்பீக்கரும் அணைஞ்சிருக்கட்டும், இல்லன்னா எதிரொலிக்கும். ப்ளூடூத்ல கேட்டா பேட்டரி சீக்கிரம் தீரும், ஒரு அட்டை பேட்டரி கைவசம் இருக்கணும். பேட்டரி அளவு ஸ்டிக்கர் நிறத்துல தெரியும்: பழுப்புன்னா 312, ஆரஞ்சுன்னா 13. ஸ்டிக்கரைப் பிரிச்சதும் சொருகாம ரெண்டு நிமிஷம் காத்துப்பட வைங்க. உள்ளே இருக்கிற துத்தநாகம் காத்துல சேர்ந்தாத்தான் முழு மின்சாரம் வரும். பழையதைக் குழந்தைங்க கைக்கு எட்டாம போடுங்க, முழுங்கினா ஆபத்து.

ஓசூர் சிப்காட், பிரஸ் ஷாப்: மெஷினை ஆஃப் பண்ணிப் போட்டுக்கிட்டா காதுக்குப் பாதுகாப்பா?

இல்ல. 85 டெசிபலுக்கு மேல நாள் முழுக்க நிக்கிற இடம்னா மெஷினைக் கழட்டி டப்பாவுல வெச்சுட்டு, கம்பெனி தர்ற இயர்மஃப் போடுங்க. கால் வந்தா வெளியே வந்து பேசுங்க.

அரூர்: காது கேக்காதுன்னு சொல்லி என்னை ஃபோன் சீட்டுல இருந்து தூக்கிட்டாங்க.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி ரெண்டு காதுலயும் 60 டெசிபல் குறைஞ்சிருந்தாலே நீங்க அதுக்குள்ள வர்றீங்க. கலெக்டர் ஆபீஸ்ல மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல கேளுங்க.

மத்தூர்: மேடம், நேத்து ராத்திரியில இருந்து வலது காது திடீர்னு அடைச்சுப்போச்சு. மெஷின் போட்டும் ஒண்ணும் கேக்கல. ஃபில்டரும் மாத்திட்டேன்.

மெஷினை விடுங்க. இன்னைக்கே காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்க. ஒரே ராத்திரியில கேக்காமப் போறது நரம்புக் கோளாறா இருக்கலாம், மருந்து சீக்கிரம் ஆரம்பிச்சாத்தான் கேக்கும் திறன் திரும்ப நல்ல வாய்ப்பு. திங்கட்கிழமைன்னு தள்ளாதீங்க. மத்தூர் பக்கம் இருக்கிற யாராவது இவரைக் கிருஷ்ணகிரிக்குக் கூட்டிட்டுப் போக முடியுமா? மத்த கேள்விகளை அப்புறம் பாக்குறேன்.