அப்பா எழுதிவைத்த துண்டுகள்

அன்புள்ள ஐயா,

அப்பா தவறி எட்டு மாதமாகிறது. தபாற்கந்தோரில் வேலை செய்தவர். கவுன்டருக்கு வரும் சில்லறையில் பழைய காசு எதையாவது கண்டால், தன் காசைப் போட்டுவிட்டு அதை எடுத்துக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் விறாந்தையில் பாயைப் போட்டு, பிஸ்கட் ரின்னைக் கவிழ்த்து, நானும் அவருமாக அரசர் வாரியாக, ஆண்டு வாரியாக அடுக்குவோம். 1995 இடப்பெயர்வில் சைக்கிள் கரியரில் அரிசிப் பையோடு அந்த ரின்னையும் சேர்த்துக் கட்டினார். அம்மா ஏசிய ஏச்சு இப்போதும் காதில் நிற்கிறது.

ஒவ்வொரு காசும் ஒரு காகிதத் துண்டில் சுற்றியிருக்கிறது. எங்கே, யாரிடம் கிடைத்தது என்று அதில் எழுதியிருப்பார். ஒரு துண்டில் "கந்தரோடை, வயல், மழைக்குப் பிறகு" என்று மட்டும் இருக்கிறது. உள்ளே மாடு படுத்திருப்பது போன்ற ஒரு செப்புக் காசு. ஆட்டத்திவசத்துக்கு வரும்போது பாதியைத் தான் கொண்டுபோவதாக வெளிநாட்டில் இருக்கும் அண்ணா சொல்கிறார். விலைக்குக் கேட்டு வந்த ஒருவர், எல்லாவற்றையும் மினுக்கி வைத்தால் நல்ல விலை தருவதாகச் சொல்கிறார். எனக்கு ரின்னைத் திறந்தாலே அழுகை வருகிறது. என்ன செய்யட்டும்?

க., சுன்னாகம்

அன்புள்ள க.,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். மினுக்க வேண்டாம். குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பது போல் செப்புக் காசைத் தேய்த்தால், அதன் மேல் படிந்திருக்கும் கபில நிறத் தோல் போய்விடும். காலம் போட்ட அந்தத் தோல்தான் கீழே இருக்கும் எழுத்தையும் உருவத்தையும் காத்து வந்தது. தேய்த்த காசுக்கு விலை குறையுமே ஒழிய ஏறாது. விளிம்பைப் பிடித்துத் தூக்குங்கள். முகத்தில் விரல் படக் கூடாது. ஏதாவது ஒன்றில் வெளிர்பச்சைப் பொடி பூத்திருந்தால் அதை மட்டும் பிரித்து உலர்ந்த இடத்தில் வையுங்கள். உப்புக் காற்றும் ஈரமும் நிறைந்த எங்கள் ஊரில் செம்புக்கு அதுதான் எமன். மலிவான மென் பிளாஸ்டிக் உறைகளும் வேண்டாம், நாள்பட அவை காசில் பசையாக ஒட்டிக்கொள்ளும்.

இனி அந்தத் துண்டுகள். உங்கள் கடிதத்தில் என்னை எழுந்து உட்கார வைத்தது அவைதான். காசு சேர்ப்பவர்கள் பலரை எனக்குத் தெரியும். கிடைத்த இடத்தை எழுதிவைத்தவர்கள் மிகக் குறைவு. ஒரு பழங்காசு எந்த மண்ணில் கிடந்தது என்பது தெரியாவிட்டால், அது சொல்லக்கூடியதில் பாதி போய்விடுகிறது. கந்தரோடையை யோசித்துப் பாருங்கள். நூறு வருடத்துக்கு முன் வரலாற்றாய்வாளர் போல் பீரிஸ் (Paul Pieris) அங்கே அகழ்வாய்வு செய்தார். முத்திரை குத்திய பழைய வெள்ளிக் காசுகளும் உரோமக் காசுகளும் அந்த மண்ணில் கிடைத்திருக்கின்றன. அதே உரோமக் காசு ஊர் பேர் தெரியாமல் ஒரு கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தால் அது வெறும் உரோமக் காசு. கந்தரோடையில் கிடைத்தது என்று தெரியும்போதுதான் குடாநாட்டுக்கும் கடல் வணிகத்துக்கும் இருந்த தொடர்பை அது சொல்கிறது. உங்கள் அப்பா படித்து வந்தாரோ, தானாகவே உணர்ந்தாரோ, ஒரு தொல்லியலாளர் செய்யும் வேலையைத் தபாற்கந்தோர் மேசையிலிருந்து செய்திருக்கிறார். அவரை நேரில் கண்டு பேசக் கிடைக்கவில்லையே என்று கவலையாக இருக்கிறது.

அந்த மாட்டுக் காசு, நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், யாழ்ப்பாண அரசை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகள் வெளியிட்ட சேதுக் காசாக இருக்கலாம். ஒரு பக்கம் நின்ற கோலத்தில் மனித உருவம். மறுபக்கம் படுத்திருக்கும் நந்தி, மேலே பிறை, கீழே தமிழில் 'சேது'. கேகாலைப் பக்கத்தில் இருந்த அவர்களின் கொட்டகமக் கல்வெட்டும் இதே சொல்லோடுதான் தொடங்குகிறது. 1619இல் போர்த்துக்கேயர் இந்த அரசை விழுத்தினார்கள். அதன் கட்டடங்களில் எஞ்சியவை கொஞ்சம்தான். ஆனால் அந்த அரசர்களின் செம்பு இன்னமும் வயலில் மழைக்கு மேலே வருகிறது. நாணய ஆய்வாளர் கொட்றிங்டன் 1924இல் வெளியிட்ட இலங்கை நாணய நூல் இந்தத் துறையில் எல்லோரும் போய்த் தொடும் நூல். யாழ் பல்கலைக்கழகத்தில் தொல்லியல் கற்பித்த பேராசிரியர் பரமு புஷ்பரட்ணம் ஈழத்துப் பழங்காசுகளைப் பற்றித் தமிழிலேயே எழுதியிருக்கிறார், தேடி வாசியுங்கள். காசை நாவலர் வீதியில் இருக்கும் தொல்பொருள் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். துண்டையும் கூடவே எடுத்துப் போங்கள்.

என் அப்பாவும் காசு சேர்த்தவர். அவரிடம் பழமையானது என்று எதுவும் இருக்கவில்லை, எல்லாம் வெள்ளைக்காரன் காலத்துச் சதங்கள். ஆனால் அவற்றை வைத்து எனக்கு ஒரு விளையாட்டுக் காட்டுவார். 1943ஆம் ஆண்டுக் காசொன்றையும் 1951ஆம் ஆண்டுக் காசொன்றையும் உள்ளங்கையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "ரெண்டிலயும் ஒரே ராசாதான். எது குறையுது எண்டு பார்" என்பார். நான் தலையைப் பார்ப்பேன், மூக்கைப் பார்ப்பேன். கடைசியில் விளிம்பு எழுத்தை அவரே நகத்தால் தொட்டுக் காட்டுவார். முதல் காசில் ஆறாம் ஜோர்ஜ் இந்தியாவின் சக்கரவர்த்தி. இரண்டாவதில் அந்தப் பட்டம் இல்லை. இடையில் இந்தியா கையைவிட்டுப் போய்விட்டது. அப்புறம் ஒரு சதக் காசுகள் இரண்டைத் தருவார். போருக்கு முந்தியது கனதி, போரின் நடுவில் அடித்தது ஏறக்குறைய பாதிப் பாரம். கண்ணை மூடச் சொல்லி, எது எதென்று விரலாலேயே சொல்லவைப்பார். அந்தச் சதத்தில் இருக்கும் மரத்தைத் தாளிப்பனை என்று சொல்வோரும் உண்டு. அப்பா விடமாட்டார். அது எங்கட பனைதான் என்று சாதிப்பார். புதுவருடத்துக் கைவிசேடத்திலும் வெற்றிலைக்கும் நெல்லுக்கும் நடுவில் புதுக்காசோடு ஒரு பழங்காசு இருக்கும். அது எந்த ஆண்டுக்குரியது என்று சொல்லாமல் எனக்குக் காலைச் சாப்பாடு கிடையாது.

இதை ஏன் இவ்வளவு விரித்து எழுதுகிறேன் என்றால், இந்த விளையாட்டு எந்தக் காகிதத்திலும் இல்லை. என் நினைவில் மட்டும்தான் இருக்கிறது. உங்களிடமும் இப்படி நிறைய இருக்கும். அப்பா துண்டில் எழுதியது அவருக்குத் தெரிந்ததை. அந்த ஞாயிற்றுக்கிழமைப் பாயில் அவர் வாயால் சொன்னது உங்களுக்குத்தான் தெரியும். ஒரு கொப்பி வாங்குங்கள். ஒவ்வொரு துண்டாகப் பிரித்து, அவர் எழுதியதை அப்படியே பார்த்து எழுதி, அதன் கீழே உங்களுக்கு நினைவிருப்பதைச் சேருங்கள். எந்தக் காசு கிடைத்த அன்று சந்தோசமாக வீட்டுக்கு வந்தார், எதற்காக அம்மாவிடம் பேச்சு வாங்கினார், எல்லாவற்றையும்தான். அம்மாவையும் பக்கத்தில் இருத்திக் கேளுங்கள். ஏசியவருக்குத்தான் எல்லாம் நன்றாக நினைவிருக்கும். அழுகை வந்தால் அழுதுவிட்டு எழுதுங்கள். ஒரே நாளில் முடிக்க வேண்டியதில்லை. ஒரு பின்னேரத்துக்கு இரண்டு மூன்று காசு போதும்.

அண்ணாவின் விஷயம். அவருக்கும் அவர் அப்பாதானே, கேட்பதில் பிழையில்லை. ஆனால் எண்ணிப் பாதியாகப் பிரிக்காதீர்கள். அரசர் வாரியாக அடுக்கிய வரிசை குலைந்தால் அப்பா கட்டியதும் குலையும். சேர்ப்பவர்களிடம் ஒரே காசு இரண்டு மூன்று இருக்கும். அவற்றிலிருந்து அவருக்கு ஒரு வரிசை அமைத்து, துண்டுகளின் பிரதியோடு கொடுங்கள். அந்தக் கந்தரோடைக் காசையும் அதுபோன்ற பழங்காலக் காசுகளையும் அவர் பயணப் பெட்டியில் வைக்கவே கூடாது. தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் தொல்பொருளை நாட்டுக்கு வெளியே கொண்டுபோவதை 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் தடுக்கிறது. விமான நிலையத்தில் பிடிபட்டால் காசும் போய், அண்ணாவுக்கும் கரைச்சல்.

விற்பதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் முடை என்றால் அது வேறு கதை, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முடை இல்லையென்றால் கொப்பி எழுதி முடியும்வரை எதையும் கைமாற்றாதீர்கள். அதற்குப் பிறகு உங்கள் மனமே சொல்லும்.

ஒரு வேலை இருக்கிறது. மாட்டுக் காசின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்புங்கள். காலை வெயில் பக்கவாட்டில் சாய்ந்து விழும் நேரத்தில் எடுத்தால் தேய்ந்த எழுத்தும் நிழலில் எழும்பித் தெரியும். அப்பாவின் துண்டையும் அதே படத்துக்குள் வையுங்கள்.

அன்புடன்.