பென்சில் எழுத்தை அழிக்கச் சொன்னது யார்?

கேள்வி: என் அப்பா கிளிநொச்சியில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது 79. சினிமா ஆட்களைப் பற்றி அகரவரிசையில் ஏழு சி.ஆர். கொப்பி நிறைய ஒரு அகராதி எழுதி வைத்திருக்கிறார். முதலில் எழுதியதெல்லாம் 2009 போரில் வலைஞர்மடத்தோடு போய்விட்டது. பிறகு செட்டிகுளம் அகதி முகாமில் இருந்தபோது தொடங்கி, கண் மங்கிய அப்பா சொல்லச் சொல்ல அம்மா எழுதினார். அம்மாவின் கையெழுத்து வடிவு, அதனால் ரைப் செய்ய லேசு. கனடாவில் இருக்கிற அண்ணா, அப்பாவின் 80ஆவது பிறந்தநாளுக்கு இதைப் புத்தகமாக்கக் காசு தருகிறார். ஆனால் எம்.ஜி.ஆருக்கு மூன்று பக்கம் திட்டு, சாவித்திரிக்குப் பதினொரு பக்கம் புகழ், நாகேசுக்கு ஏழு பக்கம், பாலையாவுக்கு ஏழு வரி. எங்கள் நாட்டில் பிறந்த பாலு மகேந்திராவையும் விடவில்லை. பிறந்த திகதி, படப்பட்டியல் ஒன்றும் கிடையாது. திட்டுகளை எடுத்துவிட்டு ஒழுங்கான தகவல் புத்தகமாக்கச் சொல்கிறார் அண்ணா. அப்பாவோ, ஒரு சொல்லில் கை வைத்தாலும் கொப்பிகளை அடுப்புக்குள் போடு என்கிறார். ஸ்கான் தெளிவாக வரட்டும் என்று, அம்மா ஓரங்களில் கிறுக்கியிருந்த பென்சில் எழுத்துகளை அழிக்கும்படி ரைப் செய்கிற பிள்ளையிடம் சொல்லியிருக்கிறேன். முதலாம் கொப்பி முடிந்துவிட்டது. அப்பாவை எப்படிச் சம்மதிக்க வைப்பது? மாதிரிக்கு இரண்டு பக்கம் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.
- வாசகி, வட்டக்கச்சி

பதில்: பிள்ளை, அப்பாவின் பிடிவாதம் பற்றி இந்தப் பகுதிக்கு வருகிற கடிதங்களை அடுக்கினால் என் மேசை தாங்காது. காணி எழுதித் தரமாட்டார், கண்ணுக்கு ஒப்பரேசன் செய்யமாட்டார், கனடாவுக்கு வரமாட்டார். அந்த வரிசையில் இன்னொன்று என்றுதான் உங்கள் கடிதத்தையும் வாசிக்கத் தொடங்கினேன். பென்சில் என்ற சொல் வந்த இடத்தில் நின்றுவிட்டேன்.

நாலு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். மேலே சுருக்கித்தான் போட்டிருக்கிறேன், ஆனால் அம்மாவைப் பற்றிய வரி ஒன்றையும் நான் வெட்டவில்லை. வெட்டுவதற்கு இருந்ததே இரண்டு வரிதான். ஒன்று, அவருடைய கையெழுத்து வடிவு. மற்றது, அவர் கிறுக்கியதை அழிக்கச் சொல்லிவிட்டீர்கள். பெற்ற தாயை ஒரு நல்ல பேனா என்று நினைத்திருக்கிறீர்கள். பேனாவுக்கும் அபிப்பிராயம் இருந்ததைக் கண்டதும் அழிறப்பரை எடுத்துக் கொடுத்திருக்கிறீர்கள்.

அந்த இரண்டு படத்தையும் போனில் பெருப்பித்துப் பார்த்தீர்களா? நான் பார்த்தேன். முதலாவது எம்.ஜி.ஆர். பக்கம். நீல மையில், அம்மாவின் உருண்டை எழுத்தில், அப்பாவின் தீர்ப்பு: நாற்பது வருசம் முகத்தை அசைக்காமல் ஓட்டிய மனிதர். அதற்கு நேரே இடது ஓரத்தில், அதே உருண்டை எழுத்தில், பென்சிலால்: “87 மார்கழி 24, கடையைப் பூட்டிப்போட்டு வந்து ரேடியோவுக்குப் பக்கத்தில சாப்பிடாமல் இருந்தது ஆர்? அதையும் எழுதுங்கோ.”

இதையா கிறுக்கல் என்கிறீர்கள்?

அண்ணா சொல்கிறபடி செய்தால் அந்த இடத்தில் என்ன வரும்? பிறப்பு 17.01.1917, நாவலப்பிட்டி. இறப்பு 24.12.1987. முதல் படம் 1936. போன் வைத்திருக்கிற எந்தப் பிள்ளையும் ஒரு நிமிடத்தில் எடுத்துத் தந்துவிடும். அந்த மனிதருக்கு நடிக்கவே தெரியாது என்று வாழ்நாள் முழுக்கச் சாதித்த ஒரு சங்கக்கடை மனேச்சர், அவர் செத்த அன்று கடையைப் பூட்டிவிட்டு வந்து சோறு வேண்டாம் என்று இருந்தார் என்பது எந்தப் போனில் இருக்கிறது? அதைத் தெரிந்த ஆள் உலகத்தில் ஒருவர்தான். அவர் உங்கள் வீட்டுக் குசினியில் இருக்கிறார்.

இரண்டாவது படம் பாலு மகேந்திரா. மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்து, புனே போய் ஒளிப்பதிவு படித்து, இந்தியாவில் பெயர் எடுத்தவர். அவரையே அப்பா குறை சொல்லிவிட்டார் என்பது உங்களுடைய பெரிய வெட்கம். என்ன குறை? ‘வீடு’ படத்துக்கு முடிவே இல்லையாம். கதையைப் பாதியில் விட்டுவிட்டாராம். அதற்குக் கீழே பென்சில்: “ஸ்கந்தபுரத்தில பார்த்தது. மண்ணெண்ணெய் முடிஞ்சு ஜெனரேற்றர் நிண்டு போச்சு. கடைசி அரை மணித்தியாலம் நாங்கள் பார்க்கேல்லை. அவரில பிழை இல்லை.”

சிரித்து முடிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதற்குப் பிறகு சிரிப்பு வரவில்லை. 1996இல் சண்டையால் கிளிநொச்சியை விட்டுப் போனவர்கள் ஸ்கந்தபுரத்திலும் மல்லாவியிலும் கொட்டில் போட்டு இருந்த காலம் உங்களுக்குச் சின்ன வயதாக இருந்திருக்கும். மின்சாரம் கிடையாது. மண்ணெண்ணெய் தடைப்பட்ட சாமான். கிடைத்தாலும் யானை விலை. பத்து வீடு சேர்ந்து காசு போட்டு ரிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, படங்கு விரித்துப் படம் பார்ப்பார்கள். எண்ணெய் இருக்கும் வரைதான் படம். ஒரு வேலைக்குப் போகிற பெண் சென்னையில் சின்னதாய் ஒரு வீடு கட்டப் படுகிற பாடுதான் 1988இல் வந்த அந்தப் படம். அர்ச்சனாவுக்குத் தேசிய விருது வாங்கிக் கொடுத்தது. கிடுகுக் கொட்டிலுக்கு முன்னால் படங்கில் இருந்து அதைப் பார்த்தவர்கள் அந்த வீடு எழும்பினதா இல்லையா என்று தெரியாமலே எழும்பிப் போயிருக்கிறார்கள். அப்பா கோபித்துக்கொண்டு பாலு மகேந்திராவின் கணக்கில் பற்று எழுதிவிட்டார். அம்மா கணக்கைத் திருத்தி வைத்திருக்கிறார். இது திருத்தம், பிள்ளை.

அண்ணாவின் விசயத்துக்கு வருவோம், அது சின்ன விசயம். தகவல் புத்தகம் வேண்டுமென்றால் அந்த வேலையைப் பிலிம் நியூஸ் ஆனந்தன் ஏற்கனவே செய்துவிட்டுப் போய்விட்டார். தமிழ்ப் படங்களின் விபரத்தை வாழ்நாள் முழுக்கச் சேர்த்த மனிதர் அவர். உங்கள் அப்பா அவரோடு போட்டிக்குப் போகவில்லை. வேறு வேலை செய்திருக்கிறார். இந்த வேலைக்கு வெளியிலும் மரியாதை உண்டு. டேவிட் தொம்சன் என்ற ஆங்கிலேயர் 1975இல் இப்படித்தான் சினிமா ஆட்களுக்கு ஒரு அகராதி போட்டார். சிறந்த இயக்குநருக்கான ஒஸ்கார் நாலு தடவை வாங்கிய ஜோன் ஃபோர்டைப் போட்டுத் தாக்கினார். கேரி கிராண்டைத் தூக்கித் தலையில் வைத்தார், அவருக்கு மேல் நடிகரே இல்லை என்று. வாசித்தவர்கள் சண்டை பிடித்தார்கள், திரும்பத் திரும்ப வாங்கினார்கள். 2014இல் ஆறாம் பதிப்பும் வந்தது. அதிலிருந்து அவருடைய வாயை எடுத்துவிட்டால் மிஞ்சுவது தொலைபேசிப் புத்தகம்.

அவ்வளவு தூரம் ஏன், என்னையே பாருங்கள். நாகேசுக்கு ஏழு பக்கம், பாலையாவுக்கு ஏழு வரி என்று வாசித்ததில் இருந்து எனக்குப் பொறுக்கவில்லை. 1964இல் வந்த ‘காதலிக்க நேரமில்லை’யில் நாகேஷ் பேய்க்கதை சொல்ல, பாலையா கேட்டுக்கொண்டிருக்கிற இடம் எல்லாருக்கும் பாடம். அந்தக் காட்சியைப் பாலையாவின் முகத்தை மறைத்துப் பிடித்துக்கொண்டு பாருங்கள். நாகேஷ் கதவு கிரீச்சிடுகிற மாதிரிச் சத்தம் போட்டுக்கொண்டிருப்பார், அவ்வளவுதான். பயம் முழுக்கப் பாலையாவின் கண்ணில் இருக்கிறது. அவருக்கு ஏழு வரியா? அப்பாவிடம் சொல்லுங்கள், நான் வந்து நேரில் கேட்பேன். பாருங்கள், புத்தகம் அச்சுக்கே போகவில்லை, அதற்குள் ஒருத்தி சண்டைக்கு வந்துவிட்டாள்.

ஆகவே அண்ணாவுக்குச் சொல்லுங்கள்: காசு அனுப்புகிற பிள்ளை வீட்டுக்கு ஓடு போடலாம், கிணறு கட்டலாம். தகப்பன் உயிரோடு இருக்கும்போது அவருடைய பேச்சில் எது நல்லது எது கூடாது என்று பொறுக்குகிற உரிமை அந்தக் காசோடு சேர்ந்து வராது. நான் பழைய ஆள், அப்படித்தான் நினைக்கிறேன். பிறந்தநாள் பரிசு என்று சொல்லிவிட்டுப் பரிசு வாங்குகிறவரையே மாற்றச் சொல்வது என்ன பரிசு? அண்ணாவுக்குத் தகவல்தான் ஆசை என்றால் ஒரு வேலை தருகிறேன். ‘குத்துவிளக்கு’ 1972, ‘பொன்மணி’ 1977, ‘வாடைக்காற்று’ 1978 என்று எங்கள் நாட்டிலும் தமிழ்ப் படம் எடுத்தார்கள். பொன்மணியை எடுத்தவர் தர்மசேன பத்திராஜ என்கிற சிங்களவர். இந்தப் படங்களில் நடித்தவர்கள், கமரா பிடித்தவர்கள், பாட்டு எழுதியவர்கள் பற்றிச் சென்னைப் புத்தகங்களில் தேடிப் பயனில்லை. ரொறன்ரோவில் அப்படி யாராவது வயதாகி இருக்கக்கூடும். போய்க் கேட்டு எழுதி வரட்டும், பின்னிணைப்பாகப் போடலாம்.

ஒரே ஒரு இடத்தில் கத்தரிக்கோலுக்கு நான் சம்மதம். அபிப்பிராயம் வேறு, ஊர்க்கதை வேறு. இன்னாருக்கு நடிக்கத் தெரியாது என்பது அபிப்பிராயம். இன்னாருக்கும் இன்னாருக்கும் தொடுப்பு என்று சலூனில் கேட்டது ஊர்க்கதை. அப்படி ஏதும் இருந்தால், அதுவும் உயிரோடு இருக்கிறவர்களைப் பற்றி இருந்தால், அப்பாவிடம் கடையின் பாசையிலேயே கேளுங்கள்: இது நீங்கள் எண்ணிப் பார்த்த இருப்பா, யாரோ சொன்ன இருப்பா? சங்கக்கடையில் வருசா வருசம் இருப்பெடுத்த மனிதருக்கு அந்தக் கேள்வி விளங்கும். அவராகவே வெட்டுவார். நீங்கள் வெட்ட வேண்டாம்.

நீங்கள் கேட்ட கேள்வி, அப்பாவை எப்படிச் சம்மதிக்க வைப்பது என்பது. அவரிடம் ஒன்றுக்கும் சம்மதம் கேட்கத் தேவையில்லை. அவர் சொன்னபடியே அச்சடியுங்கள். சம்மதம் கேட்க வேண்டிய ஆள் அம்மா. அந்தப் பென்சில் எழுத்துகளை அப்பா கண்டிருக்கிறாரா? கண் மங்கிய மனிதர் என்றபடியால்தானே அம்மா எழுதினார்? அப்படியென்றால் பதினைந்து வருசமாக, அவர் சொன்னதை ஒரு எழுத்துப் பிசகாமல் நீல மையில் எழுதிவிட்டு, அவர் வாசிக்காத ஓரத்தில் தன்னுடைய பங்கை எழுதி வந்திருக்கிறார். மையால் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. வேண்டாம் என்றால் அழித்துவிடலாம் என்று நினைத்திருப்பார். அதை யார் அழிப்பது என்பதும் அவருடைய முடிவாக இருந்திருக்க வேண்டும்.

எனக்கு இதில் கோபம் உங்களில் மட்டும் இல்லை. முகாமில் ஒரு பேனைக்கு எத்தனை பேரிடம் கேட்டிருப்பார், கொப்பியை வெள்ளத்தில் இருந்து எங்கே ஏற்றி வைத்திருப்பார் என்று அப்பாவும் ஒரு வரி சொல்லி எழுதுவிக்கவில்லைப் போல் இருக்கிறது. சாவித்திரிக்குப் பதினொரு பக்கம் கொடுத்த மனிதர்! அதையும் அச்சில் அப்படியே விடுங்கள். வாசிக்கிறவர்களுக்குத் தெரியட்டும்.

இனி அம்மாவோடு இருங்கள். சமைக்கும்போது குறுக்கே நின்று கேட்காதீர்கள். மாலையில், வேலை முடிந்த பிறகு, கொப்பியை அவர் கையில் கொடுத்துவிட்டு இருங்கள். இதை அச்சில் போடலாமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான், அதற்கு மேல் ஒரு சொல் கதைக்கக் கூடாது. ஓம் என்றால், முதலில் அவரே அப்பாவுக்கு வாசித்துக் காட்டட்டும். அந்த இடத்தில் நீங்கள் நிற்க வேண்டாம், வெளியில் போய்க் கோழியைக் கூட்டில் அடையுங்கள். பிறகு அச்சகத்தில் சொல்லுங்கள்: அப்பாவின் எழுத்து நடுவில், அம்மாவின் எழுத்து ஓரத்தில் சின்னதாக, அவர் எழுதிய இடத்திலேயே. அட்டையில் இரண்டு பெயர். அண்ணாவுக்கு அது பிடிக்காவிட்டால் முந்நூறு பிரதி அடிக்கிற இடத்தில் ஐம்பது அடியுங்கள், சீட்டுப் பிடித்து நீங்களே கட்டுங்கள்.

ஆனால் அதற்கெல்லாம் முதல், இதை வாசிக்கிற இடத்திலேயே எழும்பி, ரைப் செய்கிற பிள்ளைக்குப் போன் எடுங்கள். இரண்டாம் கொப்பியைத் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்தப் பிள்ளையைப் பேசாதீர்கள், சொன்ன வேலையைச் செய்தது. முதலாம் கொப்பியைத் திருப்பி வாங்கி வாருங்கள். அசோகன் தொடங்கி ஊர்வசி வரை அதில் எத்தனை பேர் இருந்தார்களோ! நீங்கள் அனுப்பிய படத்தில் பார்த்தேன், அம்மா பென்சிலை அழுத்தி எழுதுகிறவர், ‘ஆர்?’ என்ற கேள்விக்குறி கடதாசியைக் கிழிக்கப் பார்த்திருக்கிறது. அப்படி எழுதினால் கரி போனாலும் பள்ளம் போகாது. இரவில் லைற்றை அணைத்துவிட்டு, ரோர்ச்சைக் கொப்பிக்குப் பக்கவாட்டில், பக்கத்தோடு ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். எழுத்து எழும்பி வரும். வராத இடத்தை அம்மாவிடம் கேளுங்கள். அப்பா சொன்னது எல்லாம் நினைவிருக்கிறவருக்குத் தான் சொன்னது மறந்திருக்காது.