மொபைல் டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்து இயக்கும் செயலியில்) ஒரே கட்டளைகளைத் திரும்பத் திரும்பத் தட்டாமல் இருக்க மேக்ரோ வைக்க முடியுமா?

தாராளமாக முடியும். நான் ஆண்ட்ராய்டில் டெர்மக்ஸ் என்ற டெர்மினல் செயலியைப் பயன்படுத்துகிறேன். அதில் விசைப்பலகைக்கு மேலே எஸ்கேப், டேப், கன்ட்ரோல் என்று ஒரு வரிசை தெரியும். அந்த வரிசையில் நமக்கு வேண்டிய பொத்தான்களை நாமே சேர்க்கலாம். பல விசைகளை ஒரே தட்டலில் அனுப்பும்படியும் அமைக்கலாம்; அதுதான் மேக்ரோ.

ஏலியஸ் (நீண்ட கட்டளைக்கு நாம் வைக்கும் குறும்பெயர்) இருக்கும்போது மேக்ரோ எதற்கு என்று சிலர் கேட்பார்கள். ஏலியஸ், அதை எழுதி வைத்த ஷெல்லில் (கட்டளைகளைப் படித்து இயக்கும் நிரலில்) மட்டுமே செல்லும். எஸ்எஸ்ஹெச் (தொலைவிலுள்ள கணினியுடன் பாதுகாப்பாக இணைக்கும் முறை) வழியாக வேறொரு சர்வருக்குள் நுழைந்துவிட்டால் போனில் எழுதிய ஏலியஸ் அங்கே இருக்காது. மேக்ரோவை அனுப்புவது டெர்மினல் செயலி. விரலால் தட்டியதற்கும் அதற்கும் எதிர்முனையில் வேறுபாடு தெரியாது. அதனால் சர்வரிலும் விம் என்ற உரைத் திருத்திக்குள்ளும் டேட்டாபேஸ் கன்சோலிலும் அது வேலை செய்யும்.

எனக்கு அதிகம் உதவுவது டீமக்ஸ் பொத்தான். டீமக்ஸ் என்பது, நாம் வெளியே வந்தாலும் வேலையைச் சர்வரில் தொடர்ந்து ஓடவிடும் நிரல். வேலையைச் சர்வரில் ஓடவிட்டு வெளியே வர, கன்ட்ரோலுடன் 'பி' தட்டி, பிறகு 'டி' தட்ட வேண்டும். கணினியில் இது ஒரு நொடி வேலை. போனில் கன்ட்ரோல் ஓரிடத்திலும் எழுத்து ஓரிடத்திலும் இருப்பதால், பஸ்ஸில் நின்றுகொண்டு செய்வது பெரும்பாடு. இப்போது ஒரே தட்டல் போதும். விம்மில் சேமித்து வெளியேறவும் இதேபோல் ஒன்று வைத்திருக்கிறேன்: முதலில் எஸ்கேப், பிறகு முக்காற்புள்ளி, 'டபிள்யூ', 'க்யூ', கடைசியில் என்டர். எஸ்கேப்பை விட்டுவிட்டால் அந்த எழுத்துகள் கோப்புக்குள்ளேயே போய் விழும்.

அமைப்பது கடினமில்லை. முகப்புக் கோப்புறையில், புள்ளியில் தொடங்கும் டெர்மக்ஸ் கோப்புறைக்குள் 'டெர்மக்ஸ் ப்ராப்பர்ட்டீஸ்' என்ற கோப்பு இருக்கிறது. அதில் எக்ஸ்ட்ரா கீஸ் என்ற வரியில், சதுர அடைப்புக்குள் ஒவ்வொரு பொத்தானாக எழுத வேண்டும். 'மேக்ரோ' என்பதற்கு எதிரே விசைகளின் வரிசை, 'டிஸ்ப்ளே' என்பதற்கு எதிரே பொத்தானில் தெரிய வேண்டிய பெயர். விசைப் பெயர்களைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். மற்ற சொற்கள் அப்படியே தட்டச்சாகும். இடைவெளி என்பது விசைகளைப் பிரிக்கும் குறி மட்டுமே. அதனால் கட்டளைக்குள் உண்மையான இடைவெளி வேண்டுமானால் 'ஸ்பேஸ்' என்ற விசைப் பெயரையே எழுத வேண்டும். பலர் தடுமாறுவது இங்கேதான். கோப்பைச் சேமித்தபின் டெர்மக்ஸ் ரீலோட் செட்டிங்ஸ் கட்டளையை இயக்கினால் புதிய பொத்தான் வந்துவிடும்.

வரிசையில் இடம் போதவில்லையா? ஒரு பொத்தானுக்கு 'பாப்அப்' கொடுங்கள். சாதாரணமாகத் தட்டினால் பழைய வேலை, மேல்நோக்கி இழுத்தால் மேக்ரோ.

ஒரு வேண்டுகோள்: கோப்புகளை அழிக்கும் கட்டளைக்கோ, சர்வரை நிறுத்தும் கட்டளைக்கோ மேக்ரோவின் இறுதியில் என்டர் வைக்காதீர்கள். கட்டளை திரையில் வந்து நிற்கட்டும். எந்தச் சர்வரில் இருக்கிறீர்கள் என்று பார்த்துவிட்டு என்டரை நீங்களே தட்டுங்கள்.