வாசகர் கேள்வி–பதில்: பாட்டி கேட்டால் பேரன் எந்த மொழியில் பதில் சொல்கிறான்?

கேள்வி: சைபீரியாவின் எவெங்கி மொழி அழியும் நிலையில் இருப்பதாகக் கல்லூரியில் படிக்கும் என் மகன் சொன்னான். எழுத்தும் பாடநூலும் உள்ள மொழி எப்படி அழியும்? எங்கள் வீட்டில் மாமியார் சௌராஷ்டிரத்தில் பேசினால் பிள்ளைகள் தமிழில் பதில் சொல்கிறார்கள். அந்தக் கவலையில்தான் கேட்கிறேன்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மகால் பகுதி, மதுரை

பதில்: பாடநூல் இருக்கிறதா என்பதைவிட நீங்கள் கவனித்திருப்பதே சரியான அடையாளம். யெனிசேய் ஆற்றுப் பக்கத்திலிருந்து ஓகோட்ஸ்க் கடல் வரை பனிமான் மேய்த்தும் வேட்டையாடியும் வாழ்ந்த எவெங்கியர், ரஷ்யாவின் 2010 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 38,000 பேர். அவர்களில் தம் மொழி தெரியும் என்றவர்கள் 5,000 பேருக்கும் குறைவு. 1931இல் அவர்களுக்கு லத்தீன் எழுத்து வகுக்கப்பட்டது. அது பழகுவதற்குள் சில ஆண்டுகளிலேயே ரஷ்ய மொழி எழுதப்படும் சிரில்லிக் எழுத்துக்கு மாற்றினார்கள். பெற்றோர் மந்தையின் பின்னால் காட்டில் அலைய, பிள்ளைகள் ஆண்டின் பெரும்பகுதியை விடுதிப் பள்ளிகளில் ரஷ்ய மொழியோடு கழித்தார்கள். அப்படி வளர்ந்தவர்களில் பலர், பெற்றோரானபோது தம் பிள்ளைகளிடமும் ரஷ்ய மொழியையே பேசினார்கள்.

பாடநூல் மொழியிலும் சிக்கல் உண்டு. 1908இல் வானில் பெருவெடிப்பு நிகழ்ந்ததே துங்குஸ்கா, அந்த ஆற்றுப் பகுதிப் பேச்சைத்தான் பொதுமொழிக்கு அடிப்படையாக்கினார்கள். பெண்ணைக் குறிக்கும் சொல் நூலில் 'அசி'. வேறு வட்டாரங்களில் 'அஹி'. வீட்டில் 'அஹி' என்று கேட்டு வளரும் குழந்தைக்கு, பாட்டி தப்பாகப் பேசுகிறாள் என்று தோன்றிவிட்டால் அந்தப் பாடநூலால் என்ன பயன்?

இழப்பது என்ன என்பது தமிழருக்கு எளிதில் புரியும். நாம் 'நாம்', 'நாங்கள்' என்று பிரிப்பதைப் போலவே எவெங்கியர் 'மித்', 'பு' என்று பிரிக்கிறார்கள். ரஷ்ய மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். கேட்பவரைச் சேர்த்துக்கொள்கிறோமா, விலக்குகிறோமா என்பதை ஒரே அசையில் சொல்லிவிடும் வசதி, மொழி மாறிய பிள்ளையிடம் இல்லாமல் போகிறது.

கேள்வி: எவெங்கியரின் சொல் ஏதாவது நம் காதில் விழுந்திருக்கிறதா?
– வாசகர், உசிலம்பட்டி

பதில்: விழுந்திருக்கிறது. ஆவிகளோடு பேசும் பூசாரியை உலகம் 'ஷாமன்' என்கிறதே, அச்சொல் எவெங்கி சார்ந்த துங்குசிய மொழிகளிலிருந்து ரஷ்ய மொழி வழியாகப் பரவியது. (நம்மூர்க் கோடாங்கியை விளக்கவும் சில ஆய்வாளர்கள் அச்சொல்லைத்தான் தேடிப் போகிறார்கள்!)

கேள்வி: அம்மொழியை மீட்க என்ன செய்கிறார்கள்? நம்மால் அதைப் பின்பற்ற முடியுமா?
– தமிழாசிரியை, திருமங்கலம்

பதில்: எனக்கு மிகவும் பிடித்த முயற்சி நாடோடிப் பள்ளி. குழந்தையை மந்தையிலிருந்து பிரித்துப் பள்ளிக்கு அனுப்பாமல், ஆசிரியர் மேய்ப்பர்களோடு முகாமுக்குச் செல்கிறார்; ரஷ்யாவின் சைபீரியப் பகுதியிலுள்ள யாக்கூத்தியா குடியரசு 2008இல் இதற்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. பனிமானைக் கட்டும்போதும் கூடாரம் அடிக்கும்போதும் அதற்குரிய சொல் பெரியவர்கள் வாயிலிருந்தே குழந்தைக்குக் கிடைக்கிறது. ஆனால் மேய்ப்புத் தொழில் சுருங்கினால் இப்பள்ளியும் சுருங்கும் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

மகால் பகுதி வாசகிக்கும் இதிலேயே விடை இருக்கிறது. சௌராஷ்டிர எழுத்து 2008இல், கணினிகளுக்கான பொது எழுத்துத் தரமான யுனிகோடில் இடம்பெற்றுவிட்டது. 2011 கணக்கெடுப்பில் சௌராஷ்டிரத்தைத் தாய்மொழி என்றவர்கள் இரண்டு லட்சத்துக்கும் மேல். எவெங்கியரைவிட நீங்கள் நல்ல நிலையில்தான் இருக்கிறீர்கள். ஆகவே பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். உங்கள் மாமியார் அடுப்படியில் இருக்கும்போது பேரப்பிள்ளைகளைக் கூட உட்கார வையுங்கள். ராத்திரிச் சாப்பாடு முடியும்வரை சௌராஷ்டிரம் மட்டுமே என்று வையுங்கள். பிள்ளை தப்பும் தவறுமாகப் பேசும்போது, உங்களையும் சேர்த்து, ஒருவரும் சிரிக்கக் கூடாது.